உப்புக் கிடங்குத் தத்துவஞானி

போன மாதம் எங்கள் ஷாந்த்ரி நகர மன்றத்தில் இலேர் பொந்தோபேரின் படத்தைத் திறந்துவைத்தார்கள். "இருட்டில் கிடந்த இந்த ஊருக்கு விளக்கேற்றியவர்" என்றார் மேயர். கூட்டம் கைதட்டியது. தட்டியவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. மீதிப் பேருக்கு நன்றாகவே தெரியும், இருந்தும் தட்டினார்கள். எனக்கு அவரை முப்பது வருஷம் தெரியும். அவர் எழுதிய ஏறக்குறைய ஒவ்வொரு எழுத்தையும் ஈயத்தில் கோத்து அச்சடித்தவள் நான், பெரின் உதோ. புருஷன் செத்தபின் அச்சுக்கூடத்தை நடத்துகிறவள் என்பதால் ஊருக்கு நான் உதோ விதவை. ஒரு மனிதனின் லட்சணம் அவன் மனைவிக்குத் தெரியும், சமையல்காரிக்குத் தெரியும், எழுதுகிறவனாக இருந்தால் அச்சுக்காரிக்கும் தெரியும். பொந்தோபேரின் மனைவி பிரசவத்திலேயே போய்விட்டாள். மற்ற இரண்டு பேரும் இன்னும் இருக்கிறோம்.

பொந்தோபேர் உப்புக் கிடங்கின் அதிகாரி. புரட்சிக்கு முன், மன்னர் காலத்தில் அது என்ன வேலை என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தலைக்கும் வருஷத்துக்கு இவ்வளவு என்று கிடங்கு சொல்லும் விலையில் உப்பு வாங்கியே தீரவேண்டும். அதுவும் பானையில் போடுவதற்கு மட்டும். அதே உப்பில் பன்றிக்கறியை ஊறப்போட்டால் குற்றம், அதற்குத் தனியாக வாங்கவேண்டும். கிடங்கின் ஆட்கள் எந்த வீட்டிலும் கேட்காமல் நுழைவார்கள். பீப்பாயைத் திறந்து கறியை நக்கிப் பார்ப்பார்கள். ஊரான் வீட்டுக் கறியை நக்கிப் பார்க்க ஆள் அனுப்பிவிட்டு, பொந்தோபேர் வியாழக்கிழமைதோறும் மருந்துக்கடை மாடிக்குப் போய், மனிதன் இயற்கையில் சுதந்திரமானவன் என்று பேசுவார்.

அந்த மாடியில்தான் வாசிப்புக் கழகம் கூடும். ஒரு வக்கீல், இரண்டு பாதிரிகள், உட்கார்ந்தவுடன் தூங்கிப்போகும் ஒரு திராட்சைமது வியாபாரி, இவர்களுக்கு நடுவில் பொந்தோபேர். பாரிஸில் ஆறிப்போன கருத்துகள் மூன்று மாதம் கழித்து எங்களுக்கு வரும். அவற்றை இவர்கள் சூடு பண்ணிச் சாப்பிடுவார்கள். பொந்தோபேருக்கு மெலிந்த கால், பட்டுக் காலுறை, கையில் எப்போதும் ஒரு புத்தகம், அதற்குள் ஒரு விரல். யாராவது தன்னைப் படம் வரைகிறார்கள் என்ற நினைப்பிலேயே தலையை ஒருபக்கம் சாய்த்து நிற்பார். பார்த்தால் சிரிப்பு வரும். நான் சிரித்ததில்லை. என் அச்சுக்கூடத்துக்கு வேலை தருகிறவர் ஊரில் அவர் ஒருவர்தான்.

உர்சுல் அவர் வீட்டுச் சமையல்காரி. யோன் நதியின் மேல்பக்கம், வெட்டின மரங்களைத் தெப்பமாகக் கட்டிப் பாரிஸுக்கு மிதக்கவிடும் சாதியில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்தாள். வந்த வருஷமே, அது 1781, பொந்தோபேர் அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். அதை அவளே என்னிடம் சொன்னாள்.

"உர்சுல், நீ ஒரு பெரிய காரியத்துல பங்கெடுக்கப் போற."

"என்ன காரியங்கய்யா?"

"மனிதகுலத்தோட காரியம்."

"எத்தன நாளாகும்? ராத்திரி சூப்பு யார் வெக்கிறது?"

காரியம் இதுதான். அம்மை கண்டவனின் கொப்புளத்திலிருந்து கொஞ்சம் சீழ் எடுத்து, நல்ல உடம்பில் கீறி வைத்தால், லேசாக ஒருமுறை அம்மை வந்து போய்விடும், பிறகு ஆயுசுக்கும் வராது. பெரிய இடங்களில் எல்லாரும் செய்துகொள்கிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. இதைப் பற்றி பொந்தோபேர் கழகத்தில் இரண்டு வியாழக்கிழமை பேசினார். மூடநம்பிக்கையை ஒழிக்க அறிவுக்கு ஒரு கத்தி போதும் என்றார். அதையும் நான்தான் அச்சடித்தேன். அவருக்கு ஆறு வயதில் ஓர்த்தான்ஸ் என்று ஒரே மகள். அவளுக்குச் செய்வதற்கு முன், சும்மா பார்த்துவிடலாம் என்று உர்சுலின் கையைக் கீறச் சொன்னார்.

உர்சுல் பதினேழு நாள் மாட்டுக்கொட்டிலுக்கு மேலே இருந்த அறையில் காய்ச்சலில் கிடந்தாள். பிழைத்து எழுந்தாள். கழகத்தில் கைதட்டினார்கள், பொந்தோபேருக்கு.

அடுத்து குழந்தையின் முறை. மருத்துவர் வந்து கத்தியை மேஜைமேல் எடுத்து வைத்தார். பொந்தோபேர் சன்னலைப் பார்த்தார். "இன்னிக்கிக் காத்து ஈரமா இருக்கு. நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றார். மறுவாரமும் அப்படித்தான். மூன்றாம் முறை மருத்துவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அந்தச் செப்டம்பரில் ஆற்றோரத் தெருவில் அம்மை புகுந்தது. ஓர்த்தான்ஸுக்கு வந்தது. வீட்டில் அவள் பக்கத்தில் போகக்கூடியவள் உர்சுல் ஒருத்திதான். மற்றவர்கள் பயந்தார்கள், தகப்பனும் பயந்தார். கதவுக்கு வெளியே நின்று "எப்படி இருக்கா" என்று கேட்பார். ஒன்பதாம் நாள் குழந்தை உர்சுலின் மடியில் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து எனக்கு ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது. துயரத்தை ஒரு தத்துவஞானி எப்படித் தாங்கவேண்டும் என்பது பற்றிய சொற்பொழிவு. எட்டுப் பக்கம். கிரேக்கர், ரோமானியர் என்று பதினாலு பேர் அதில் தத்தம் பிள்ளைகளைப் பறிகொடுத்து, கண்ணீர் விடாமல் நின்றார்கள். ஓர்த்தான்ஸ் என்ற பெயர் ஓர் இடத்திலும் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கோத்தவள் நான், எனக்குத் தெரியும்.

மூன்று வருஷம் கழித்து உர்சுலின் அண்ணன் கொலாஸ் மாட்டிக்கொண்டான். அவன் தெப்பக்காரன். பக்கத்து மாகாணத்தில் வரி குறைவு என்பதால் உப்பும் மலிவு. அங்கிருந்து ஒரு மூட்டையைத் தெப்பத்துக் கட்டைகளுக்கு நடுவே செருகிக் கொண்டுவந்தான். அபராதம் போட்டார்கள். கட்ட வழியில்லை. வழியில்லாதவனுக்கு துலூன் துறைமுகத்தில் சங்கிலி மாட்டிக் கட்டாய வேலை. தோளில் சூடு போட்டு அனுப்பினார்கள். பிடித்தது பொந்தோபேரின் ஆட்கள், வழக்குத் தாளில் கையெழுத்து பொந்தோபேருடையது.

உர்சுல் என்னிடம் வந்தாள். "அக்கா, ஐயா ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா தண்டனைய பாதியாக் குறைப்பாங்களாம், வக்கீல் சொன்னார். ஒரு மனு எழுதித் தாங்க."

எழுதிக் கொடுத்தேன். காலையில் அவர் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். அவர் படிக்கவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று எழுதினேன். அந்த இலையுதிர்காலம் முழுக்க, நான் எழுத, அவள் வைக்க, ஆறு மனு ஆயிற்று. ஒருநாள் அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாராம்: "உர்சுல், எனக்கு வருத்தம் இல்லேன்னு நெனைக்காத. ஆனா நான் யாரு? சட்டத்தோட கையில ஒரு கருவி. கருவிக்கு இரக்கம் வந்தா அப்புறம் சட்டம் எங்க இருக்கும்?"

"அப்ப அந்த வீட்ட விட்டு வந்துடேன்டி" என்றேன்.

"வந்துட்டா மனு வெக்க கோப்பை ஏதுக்கா?" என்றாள்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் அவர் தன்னுடைய பெரிய புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். "இயற்கை உரிமையும் நல்லாட்சியும் குறித்த சில சிந்தனைகள்." மாகாண ஆளுநருக்குச் சமர்ப்பணம். ஆளுநரின் நிழலில் சுதந்திரம் என்னும் செடி எப்படித் தழைக்கிறது என்று இரண்டு பக்கம். உப்பு வரிக்குத் தனியாக ஓர் அத்தியாயம். "சமுதாயம் என்னும் பானைக்கு இந்த வரியே உப்பு" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதைக் கோக்கும்போது என் விரலை வெட்டிக்கொள்ளலாமா என்று தோன்றியது. வெட்டிக்கொள்ளவில்லை, கோத்து முடித்தேன்.

அந்தப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை அச்சுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவள் உர்சுல். நான் தாள்களைப் புரட்டினேன். சமர்ப்பணப் பக்கத்தின் மறுபுறம் எழுத்து தெரிந்தது. என் எழுத்து. அவர் காகிதத்தை வீணாக்காத மனிதர். நான் எழுதிய மனுவின் முதுகில் ஆளுநரைப் புகழ்ந்திருக்கிறார். நான் சட்டென்று மூடினேன். உர்சுலுக்கு அப்போது எழுத்து தெரியாது. ஆனால் தாளின் ஓரத்தில் இருந்த காபிக் கறை தெரிந்தது.

"அத திருப்புங்கக்கா."

திருப்பினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது எதப் பத்தி எழுதியிருக்கார்?" என்றாள். படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். அழவில்லை, திட்டவில்லை. "எனக்கு எழுத்து சொல்லிக் குடுங்க" என்றாள். அச்சுப் பெட்டியில் ஈய எழுத்துகள் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல இருக்கும். அப்படித்தான் கற்றுக்கொண்டாள். ஒரு குளிர்காலம் போதுமாயிருந்தது. அச்சு முடிந்ததும் அந்தத் தாளை மட்டும் தனக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனாள். அவருக்கு எதுவும் தெரியாது. வேலைக்காரர்களுக்குப் படிப்பு இன்னும் சீக்கிரம், வெளிச்சத்தைப் படிப்படியாகத்தான் காட்டவேண்டும், இல்லாவிட்டால் கண் கூசும் என்று அவர் கழகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

புத்தகம் நாற்பது பிரதி போனது. மீதி என் பரணில் எலிக்குக் கிடந்தது.

பிறகு பாரிஸில் புரட்சி வெடித்து, மன்னரின் சிறைக்கோட்டை விழுந்தது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து பொந்தோபேர் மூன்று நாள் வெளியில் தலைகாட்டவில்லை. நான்காம் நாள் தொப்பியில் மூவர்ண நாடாவோடு வந்தார். ஊர்க்காரர்கள் உப்புக் கிடங்கின் கதவை உடைக்க வந்தபோது, பொந்தோபேரே சாவியைக் கொடுத்ததாக இன்றைய மேயர் சொல்கிறார். பொய். கதவு உடைந்து அரை மணி நேரம் கழித்து அவர் சாவியோடு வந்தார்.

உப்பு வரி ஒழிந்தது. உப்புக்காகச் சங்கிலியில் கிடந்தவர்களை விடச்சொல்லி உத்தரவு போயிற்று. கொலாஸ் துலூனிலிருந்து நடந்தே வந்தான். முப்பத்திரண்டு வயதில் தலை முழுக்க நரை. 1790 ஜூலையில் ஆற்றங்கரைப் புல்வெளியில் ஊரே கூடித் தேசத்துக்குச் சத்தியம் செய்தது. பொந்தோபேர் மேடையேறி ஒரு மணி நேரம் பேசினார். உப்பு வரி என்னும் அரக்கனோடு தான் உள்ளேயிருந்தே போராடியதாகச் சொன்னார். இரண்டாம் பதிப்பு அப்போது என் அச்சில் இருந்தது. தேசத்துக்குச் சமர்ப்பணம். "இந்த வரியே உப்பு" என்பது "இந்த வரியே நஞ்சு" என்று மாறியிருந்தது. வாக்கியத்தின் மீதி அப்படியே.

பேசி முடித்து மேடையைவிட்டு இறங்கி, எல்லாரும் பார்க்க, கொலாஸைக் கட்டிப்பிடிக்கக் கையை விரித்தார். கொலாஸ் கைகட்டிக்கொண்டு நின்றான்.

"எந்தத் தோள்ல சாயறீங்க ஐயா? சூடு போட்ட தோள்லயா, போடாத தோள்லயா?"

பொந்தோபேரின் கைகள் விரிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு அந்தப் பக்கம் நின்ற ரொட்டிக்காரரைக் கட்டிப்பிடித்தார். ரொட்டிக்காரருக்கு ஏன் என்று புரியவில்லை. மேளம் அடித்தார்கள்.

1793-இல் அவர் ஊர்க் கண்காணிப்புக் குழுவின் தலைவர். இலேர் என்பது புனிதர் ஒருவரின் பெயர், மூடத்தனம் என்று அதை விட்டுவிட்டு, புரூட்டஸ் என்று வைத்துக்கொண்டார். கூடப்பிறந்த கோழைத்தனத்துக்கு இரவல் வாங்கின ரோமாபுரிப் பெயர். இனி யாரும் யாரையும் "நீங்க" என்று சொல்லக்கூடாது, எல்லாரும் சமம், எல்லாரும் "நீ" என்று உத்தரவு போட்டார். அன்று மத்தியானம் உர்சுல் சூப்புத் தட்டை அவர் முன்னால் வைத்து, "சாப்பிடு" என்றாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "உர்சுல், அது வெளியில. சபையில."

"உத்தரவுல வீடு, வெளின்னு போடலயே. நானே அச்சுக்கூடத்துல நின்னு படிச்சேன்."

"நீ படிச்சியா?"

"ஆமா. உனக்குத் தெரியாதா?" என்றாள். "உப்பு பாத்துக்கோ. கம்மியா இருந்தா சொல்லு."

அன்று முதல் அந்த வீட்டில் அவள் "நீ" என்பதை நிறுத்தவில்லை. அவரால் அவளை அனுப்பவும் முடியவில்லை. ஒரு ஏழைப் பெண்ணை, தெப்பக்காரன் தங்கையை, குழுத் தலைவர் வீட்டிலிருந்து துரத்தினார் என்றால் மறுநாள் அவர்மேலேயே புகார் வரும். தான் போட்ட தாழ்ப்பாளில் தானே மாட்டின ஆள்.

அடுத்த வசந்தத்தில் பாரிஸிலிருந்து ஓர் ஆணையர் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. ஊர்களில் யார் உண்மையான புரட்சிக்காரன், யார் வேஷக்காரன் என்று சலிக்க வருகிறவர். இரண்டு ஊர் தள்ளி ஏற்கெனவே மூன்று தலை விழுந்திருந்தது. ஆணையர் வருகிற அன்று, பொந்தோபேர் காலையிலேயே என் அச்சுக்கூடத்துக்கு ஓடிவந்தார்.

"குடிமகளே, அந்தப் பழைய கட்டுங்க இருக்குல்ல. மொதல் பதிப்பு."

"எது? ஆளுநர் காலத்துப் புத்தகமா?"

"மெதுவாப் பேசு. அது எங்க?"

"அது ஊர் முழுக்கப் பரவிடுச்சே."

கழுத்துக்குக் கத்தி வரும் நிலையிலும் அந்த முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது. "அப்படியா? யாரு வாங்கினா?" என்றார்.

"பாலாடைக்கட்டி வாங்குறவங்க எல்லாரும்."

காகிதத் தட்டுப்பாட்டில் அந்தக் கட்டுகளை நான் சந்தை வெண்ணெய்க்காரியிடம் கொடுத்திருந்தேன். வாரம் ஒரு கட்டி பாலாடை எனக்கு, தாள்கள் அவளுக்கு. அன்று சந்தை நாள். குழுத் தலைவர் புரூட்டஸ் மூவர்ணக் கச்சையோடு வெண்ணெய்க்காரியின் கடைமுன் நின்று, கட்டி கட்டியாக வாங்கி, தாளை உரித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, பாலாடையை வண்டிமேலேயே விட்டுவிட்டு அடுத்ததை எடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"குடிமகனே, தோல உரிச்சிட்டுப் பழத்த விட்டுட்டுப் போறியே" என்றாள் வெண்ணெய்க்காரி. "வீட்டுல தாள்தான் திங்கறீங்களா?"

"சுகாதாரக் காரணம்" என்றார்.

வாங்கிக்கொண்டு போனவர்களின் கூடைகளையும் துரத்தினார். கிழவிகள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள், ஏதோ புதுவரி வந்துவிட்டது என்று நினைத்து. எப்படியோ, மத்தியானத்துக்குள் கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டார். அவருடைய சிந்தனைகளை ஊரில் இவ்வளவு ஆவலோடு தேடியவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆணையர் அன்று அவர் வீட்டில்தான் சாப்பிட்டார். குழுவின் மற்றவர்களும் இருந்தார்கள். சாப்பாடு முடிந்து உர்சுல் பாலாடைக்கட்டியைக் கொண்டுவந்து ஆணையர் முன்னால் வைத்தாள். தாளைப் பிரிக்காமலே வைத்தாள். தற்செயல் என்று பொந்தோபேர் கடைசிவரை நம்பினார். ஆணையர் பிரித்தார், எண்ணெய்ப் பிசுக்கோடு தாளை வெளிச்சத்தில் பிடித்து, சத்தமாகப் படித்தார்: "மேன்மை தங்கிய ஆளுநர் அவர்களின் பாதங்களில், அவர்தம் மிகப் பணிவான ஊழியன் இலேர் பொந்தோபேர்."

பொந்தோபேர் எழுந்து நின்றார். அது போலி என்றார். உதோ விதவை ஒரு ரகசிய அரசபக்தை, தன்னைக் கவிழ்க்கத் தன் பெயரில் அச்சடித்தாள் என்றார். யோசிக்க ஒரு நிமிஷம்கூட அவருக்குத் தேவைப்படவில்லை.

விடிந்ததும் என்னைப் பிடித்துக் கன்னிமடத்தில் அடைத்தார்கள். கன்னியர்களைத் துரத்தி அதைச் சிறையாக்கியிருந்தார்கள். உர்சுல் அன்றைக்கே குழுவின் முன்னால் போய் நின்றாள். பத்து வருஷம் வைத்திருந்த அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். ஒரு பக்கம் சங்கிலியில் கிடந்த தெப்பக்காரனுக்காக மனு. மறுபக்கம் ஆளுநரின் பாதங்கள், பொந்தோபேரின் கையெழுத்தில். ஆணையர் இரண்டு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தாராம். அவர் கெட்டிக்காரர். பொந்தோபேரை அடைக்கச் சொன்னார்.

"அப்ப உதோ அக்காவ விடுவீங்கல்ல?" என்று கேட்டிருக்கிறாள் உர்சுல்.

"எழுதினவன் குத்தவாளின்னா, அச்சடிச்சவ யாரு?" என்று கேட்டார் ஆணையர்.

நியாயமான கேள்விதான். மற்றவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே, என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் சொந்த மனுவைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கோத்தவள் நான். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

ஏழு வாரம் அங்கே இருந்தோம். பகலில் முற்றத்தில் நடக்க விடுவார்கள். நடுவில் ஒரு வாதுமை மரம். பொந்தோபேருக்குத் தாடி வளர்ந்து, காலுறை கீழே இறங்கிக் கிடந்தது. முதல் வாரம் என் பக்கம் திரும்பவில்லை. ஒருநாள் மதியம் மரத்தடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தலை வெட்டப் பேர் கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. நாளைக்கி என் பேரா இருக்கலாம்" என்றார்.

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவர் குரலே இல்லை அது, வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

"அன்னிக்கிக் காத்துல ஈரமே இல்ல, பெரின். நல்ல வெயில். மருத்துவர் கத்திய எடுத்து வெச்சிட்டார். கொழந்த தானாவே சட்டக்கைய மடிச்சு விட்டுக்கிட்டா. உர்சுல் காட்டின மாதிரியே காட்டணும்னு. எனக்கு அந்தக் கையப் பாக்க முடியல. அந்த ஒரு கீறல. எது சரின்னு எனக்குத் தெரியும். ஊருக்கே சொன்னவன் நான். என் பொண்ணு கைய மட்டும் என்னால குடுக்க முடியல."

கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. தலையைச் சாய்க்கவும் இல்லை. பதின்மூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஓர்த்தான்ஸைப் பற்றி நான் கேட்ட முதல் வார்த்தை அது. என் கை என்னை அறியாமல் அவர் தோள்மேல் போயிற்று. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் இந்த மனிதனை நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று தோன்றியது.

மறுநாள் முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு கைதிகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு, கையில் ஒரு தாளோடு அவர் நின்றார். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. "தகப்பனும் உண்மையும்" என்று தலைப்பு. வெயில் இருந்தது, கத்தி இருந்தது, மடித்துவிட்ட சட்டைக்கை இருந்தது. அதற்குமேல் ஒரு ரோமானியத் தளபதியும், விதியைப் பற்றி ஒரு பத்தியும், இறுதியில் ஒரு பெருமூச்சும் சேர்ந்திருந்தன. கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். படித்து முடித்து என்னைப் பார்த்தார், எப்படி இருந்தது என்று கேட்கிறமாதிரி. நான் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன். அழுததும் அவர்தான், அதை எழுதிவைத்துக்கொண்டதும் அவர்தான். முதல் ஆளுக்காக இரண்டாவது ஆளை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பெயரைக் கூப்பிடுவதற்குள் பாரிஸில் பெரிய தலைகள் உருண்டன, ஆட்சி மாறிற்று, எங்களை விட்டார்கள். பொந்தோபேர் வெளியே வந்தபோது கொடுங்கோன்மைக்குப் பலியானவர் என்று வரவேற்றார்கள். முன்பு ஆட்களை அடைத்தவர் அவர், பிறகு அடைபட்டவரும் அவர். ஊர் இரண்டாவதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது. மூன்றாம் பதிப்பு கொடுங்கோன்மைக்குப் பலியானவர்களுக்குச் சமர்ப்பணம். அதை நான் அச்சடிக்கவில்லை. அடுத்த ஊருக்குப் போய் அடித்துக்கொண்டார்.

உர்சுல் அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அண்ணனும் தங்கையும் தெப்பத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சாராயக்கடை போட்டார்கள். உப்பில் ஊறின பன்றிக்கறி அங்கே நன்றாக இருக்கும், இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். நாற்பது வயதில் ஒரு படகோட்டியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண் பிள்ளைகள். புது அம்மைப்பால் எங்கள் ஊருக்கு வந்ததும் இரண்டு பேர் கையையும் தானே பிடித்துக்கொண்டு நின்று குத்த வைத்தாள்.

பிறகு ஆட்சிக்கு வந்த பேரரசர் 1806-இல் உப்பு வரியை மறுபடி கொண்டுவந்தார். வரி வசூலிக்க ஊரில் அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்றார்கள். பொந்தோபேர் விண்ணப்பம் போட்டார், வேலை கிடைத்தது. அறுபத்திநாலு வயதில் மறுபடி அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இந்தமுறை கறியை நக்கிப் பார்க்க ஆள் போகவில்லை என்பதைச் சொல்லவேண்டும். கொலாஸ் மட்டும் ஒருநாள் கடைவாசலில் நின்று, அவர் போகும்போது "வேலைக்கு வந்துட்டீங்களா ஐயா" என்று கேட்டான். அவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அவனை அடையாளம் தெரிந்ததா என்பது எங்களுக்குத் தெரியாது.

போன வருஷம் நீர்க்கோவையில் உடம்பு வீங்கிச் செத்தார். சாவதற்கு முன், முன்பு தன் குழுவே ஊரைவிட்டு விரட்டியிருந்த பாதிரியைக் கூப்பிட்டனுப்பினார். அந்தக் கிழவர் வந்தார், செய்யவேண்டியதைச் செய்தார். தன் நூலகத்தை ஊருக்கு எழுதிவைத்திருந்தார் பொந்தோபேர். ஆறு அலமாரி. நாற்பது வருஷமாக ஊர் பார்த்து மலைத்த புத்தகங்கள்.

அவற்றை நகர மன்றத்தில் அடுக்கியபிறகு மேயரின் எழுத்தர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். புத்தகம் அச்சுக்கூடத்திலிருந்து வரும்போது தாள்கள் மடிந்தபடி ஒட்டியிருக்கும். படிக்கிறவன் கத்தியால் ஓரத்தை வெட்டிக்கொண்டே போகவேண்டும். எழுத்தர் ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். முதல் பதினாறு பக்கம் வெட்டியிருந்தது. பிறகு வெட்டவே இல்லை. அடுத்ததை எடுத்தோம். அதிலும் பதினாறு. சிலவற்றில் இருபத்துநாலு. முடிவுவரை வெட்டியிருந்தது ஆறு அலமாரியில் ஒன்றே ஒன்று, திராட்சைக் கொடியின் நோய்கள் பற்றியது.

"இத வெளிய சொல்லாதீங்கம்மா" என்றார் எழுத்தர். "படம் தொறக்கப் போறோம். வந்து பாக்குறவங்க யாராவது ஒண்ண எடுத்துப் புரட்டினா நல்லா இருக்காது. கொஞ்சம் வெட்டிக் குடுத்துடுங்க."

என் எலும்புக்கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று நாள் வேலை. முதல் நாள் மத்தியானம் உர்சுல் ரொட்டியும் கறியும் கொண்டுவந்தாள். நான் வெட்டின புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தாள். சாயங்காலம் நான் கிளம்பும்போது அவள் நூற்றுப்பத்தாம் பக்கத்தில் இருந்தாள். "நீங்க போங்கக்கா, நான் அப்புறம் வரேன்" என்றாள்.